எந்த சாஃப்ட்வேர்ல ரெக்கார்ட் பண்ணா குரல் நல்லா வரும்? – வாசகர் கேள்வி பதில்

வீட்லயே ரெக்கார்டிங் பண்றத பத்தி கேள்வி அனுப்புங்கன்னு போன இதழ்ல சொன்னோம், நல்லா குவிஞ்சிருச்சு. நெறைய பேர் சுத்தி வளைச்சு கேட்டது ஒண்ணுதான், எது பெஸ்ட் சாஃப்ட்வேர்னு. யார் என்ன பாடறாங்க, கைல என்ன மெஷின் இருக்குன்னு தெரியாம அதுக்கு பதில் சொல்ல முடியாது. அதனால விவரமா எழுதுனவங்க கேள்விகள மட்டும் இந்த தடவை எடுத்துக்கிட்டேன்.

வீட்ல பாட்டு கிளாஸ் எடுக்கறேன். கீர்த்தனைகள ரெக்கார்ட் பண்ணி யூடியூப்ல போடணும். மிருதங்கம், வயலின் வாசிக்கற பசங்க இருக்காங்க, ஆனா எல்லாரும் ஒரே நாள்ல வர முடியாது, தனித்தனியா எடுத்து சேக்கணும். 8 ஜிபி ரேம் உள்ள விண்டோஸ் லேப்டாப். ரீப்பர் போதும்னு ஒருத்தர் சொல்றார், க்யூபேஸ்ல தான் சவுண்ட் வெயிட்டா வரும்னு இன்னொருத்தர் அடிச்சு சொல்றார். யாரை நம்பறது? – வாசகி, தஞ்சாவூர்

அந்த வெயிட் மேட்டர மொதல்ல முடிச்சுருவோம்மா. நீங்க பாடறத மைக் கரண்டா மாத்துது, மைக்குக்கும் லேப்டாப்புக்கும் நடுவுல இருக்கற இன்டர்ஃபேஸ்ங்கற பெட்டி அந்த கரண்ட நம்பரா மாத்துது, 44.1 கிலோஹெர்ட்ஸ்னா ஒரு செகண்டுக்கு 44,100 நம்பர். சாஃப்ட்வேர் அந்த நம்பர அப்படியே வாங்கி டிஸ்க்ல எழுதி வைக்குது, அவ்வளவுதான், தன் பங்குக்கு அதுல எதையும் கலக்கறது இல்ல. நம்பிக்கை வரலன்னா வீட்லயே சோதிச்சுப் பாக்கலாம். ஒரே ஸ்டீரியோ வேவ் ஃபைல ரெண்டு சாஃப்ட்வேர்லயும் போடுங்க, எஃபெக்ட் ஒண்ணும் வேண்டாம், வால்யூம் ஏத்தி எறக்கற ஃபேடர் எல்லாம் பூஜ்யம் டெசிபெல்ல, ரெண்டுலயும் 24 பிட்ல எக்ஸ்போர்ட். அந்த ரெண்டு ஃபைலயும் ஒரே ப்ராஜெக்ட்ல கீழயும் மேலயும் வச்சு, ஒண்ணுல மட்டும் ஃபேஸ் பட்டன அழுத்துங்க, அது ஒலி அலைய தலைகீழா திருப்பும், வட்டத்துக்கு குறுக்க ஒரு கோடு போட்டிருக்கும் பாருங்க, அதுதான். ப்ளே பண்ணா ஒரு சத்தமும் வராது. ரெண்டும் ஒண்ண ஒண்ணு கழிச்சுக்கிட்டு காணாம போயிரும், ஏன்னா ரெண்டும் ஒரே நம்பர்தான்.

அப்ப அந்த க்யூபேஸ்காரர் காதுக்கு வித்தியாசம் கேட்டது பொய்யான்னா, பொய்யும் இல்ல. மோனோ ட்ராக்க நடுவுல வைக்கும்போது சில சாஃப்ட்வேர் 3 டெசிபெல் கொறச்சு வெளிய விடும், சிலது கொறைக்காது, அதுக்கு பேன் லான்னு பேரு, செட்டிங்ஸ்ல மாத்திக்கலாம். கூட கொஞ்சம் சத்தமா வந்தா மனுஷ காதுக்கு அது எப்பவுமே 'வெயிட்டா' தான் கேக்கும். இந்த ஒரு விஷயத்த வச்சே ஊர்ல பாதி சண்டை ஓடிக்கிட்டிருக்கு.

உங்க வேலைக்கு நான் ரீப்பர்னு தான் சொல்வேன். 60 நாள் எல்லா வசதியோடவும் சும்மாவே ஓட்டிப் பாக்கலாம், புடிச்சிருந்தா 60 டாலர் லைசென்ஸ், தனி ஆளுக்கும் வருஷத்துக்கு 20,000 டாலருக்கு மேல வருமானம் இல்லாத தொழிலுக்கும் அந்த ரேட்டுதான். உங்க லேப்டாப்ல மூச்சு வாங்காம ஓடும். க்யூபேஸ் மட்டம்னு அர்த்தம் இல்ல, இன்னிக்கு நெறைய பேர் பயன்படுத்தற விஎஸ்டி ப்ளகின் முறையே, அதாவது எஃபெக்ட், வாத்தியம்னு குட்டி ப்ரோக்ராம சாஃப்ட்வேருக்குள்ள சொருகற முறையே, அந்த கம்பெனி 1996ல கொண்டு வந்ததுதான், ஆனா அதோட பெரிய எடிஷன்ல இருக்கற பாதி சமாச்சாரம் உங்களுக்கு தேவைப்படாது. நீங்க வாங்கப்போற இன்டர்ஃபேஸ் பெட்டிக்குள்ள க்யூபேஸோட சின்ன எடிஷனோ ஏபிள்டன் லைவ் லைட்டோ இலவசமா வந்தா அதுலயே ஆரம்பிங்க, தப்பில்ல. மேக் வச்சிருக்கறவங்களுக்கு இந்த கவலையே வேண்டாம், கராஜ்பேண்ட் இலவசம், பின்னாடி ஆப்பிளோட பெரிய சாஃப்ட்வேரான லாஜிக்குக்கு போனாலும் பழைய ப்ராஜெக்ட் அதுல தெறக்கும்.

சாஃப்ட்வேர விட உங்களுக்கு முக்கியம் எந்த வரிசைல ரெக்கார்ட் பண்றீங்கங்கறதுதான். மொதல்ல தம்புரா. உங்க சுருதி 5½ கட்டைன்னா ஆப்ல ஜி ஷார்ப் வச்சு பாட்டு முழு நீளத்துக்கும் ஒரு ட்ராக் எடுத்து லாக் பண்ணிருங்க. அடுத்து நீங்க தாளம் போட்டுக்கிட்டே சும்மா ஒரு தடவை முழுசா பாடுங்க, சினிமாவுல ட்ராக் பாடறதுன்னு சொல்வாங்களே அது மாதிரி, பெசகு இருந்தாலும் பரவால்ல. அத ஹெட்ஃபோன்ல கேட்டு மிருதங்கம் வாசிக்கட்டும், அதுக்கு மேல வயலின். கடைசில நீங்க உக்காந்து நிஜமா பாடுங்க, பழைய குரல மியூட் பண்ணிருங்க. மெட்ரோனோம் வேணும்னா ஆதி தாளத்துக்கு 4/4 வச்சு ரெண்டு பார் ஒரு ஆவர்த்தனம்னு கணக்கு, மிஸ்ர சாபுக்கு 7/8, கண்ட சாபுக்கு 5/8. ஆனா விருத்தம், ஆலாபனைக்கெல்லாம் மெட்ரோனோம் போட்டா பாட்டு செத்துப்போயிரும், அங்க ஆஃப் பண்ணிருங்க. மிருதங்கத்துக்கு ஒரே மைக்தான்னா வலந்தலை, தொப்பின்னு ரெண்டு பக்கமும் சமமா விழற மாதிரி நடுவுல ரெண்டு அடி தள்ளி வச்சு, வாசிக்கச் சொல்லி ஹெட்ஃபோன்ல கேட்டுக்கிட்டே மைக்க நகத்துங்க.

ரிட்டையர்டு வாத்தியார். தேவாரம் பாடி பேரப் புள்ளைங்களுக்கு சேத்து வைக்கணும்னு ஆசை. மகன் ரீப்பர் போட்டுக் கொடுத்துட்டு வெளியூர் போயிட்டான். மெனுவ பாத்தாலே கண்ண கட்டுது. வீடியோ பாத்தா ஒவ்வொருத்தரும் கம்ப்ரஸர், ஈக்யூன்னு மிரட்டறாங்க. எங்க ஆரம்பிக்கறது? – வாசகர், திருநெல்வேலி

ஐயா, அந்த வீடியோ எல்லாத்தையும் ஒரு மாசத்துக்கு தள்ளி வைங்க. ரீப்பரோட மேனுவலே 400 பக்கத்துக்கு மேல போகும், அத முழுசா படிச்சுட்டு யாரும் பாட உக்காரல. உங்களுக்கு இப்ப தேவை கொஞ்சூண்டு கீ தான். கன்ட்ரோலும் டி-யும் (T) சேத்து அழுத்துனா புது ட்ராக் வரும். அதுல இருக்கற சிவப்பு பட்டன தட்டுனா அந்த ட்ராக் ரெக்கார்டிங்குக்கு ரெடி, பக்கத்துல இன்புட்னு இருக்கற எடத்துல மைக் எந்த ஓட்டைல சொருகியிருக்கோ அந்த நம்பர் இருக்கான்னு மட்டும் பாருங்க. கன்ட்ரோலும் ஆர்-உம் அழுத்துனா ரெக்கார்டிங் ஓடும், ஸ்பேஸ் பார் தட்டுனா நிக்கும். ஒரு எடத்துல வெட்டணும்னா கோட்ட அங்க வச்சு எஸ். தப்பாயிருச்சுன்னா கன்ட்ரோல் இசட், எத்தன தடவை வேணும்னாலும்.

ஒண்ணு மட்டும் மனசுல வச்சுக்கிட்டா பயம் போயிரும். நீங்க எத வெட்டுனாலும் ஒரிஜினல் ஃபைல் டிஸ்க்ல அப்படியே தான் இருக்கும், வெட்டுன ஓரத்த புடிச்சு இழுத்தா பழையபடி வந்துரும். ஏற்கனவே பாடுனதுக்கு மேலயே திரும்ப ரெக்கார்ட் பண்ணாலும் முன்னாடி பாடுனது அழியாது, இன்னொரு டேக்கா கூடவே இருக்கும், அதே டி (T) கீய மட்டும் தட்டுனா ஒவ்வொண்ணா மாறி மாறி வரும்.

மொத வேலையா ஒரே ஒரு பாட்டு எடுத்துக்குங்க, முழு பதிகம் வேண்டாம். சுருதிப்பெட்டி ஒரு ட்ராக், குரல் ஒரு ட்ராக், ஜால்ரா ஒரு ட்ராக். பாடும்போது மீட்டர் மைனஸ் 12 டெசிபெல் பக்கம் ஆடுனா போதும், நீங்க எங்கயாவது உச்சஸ்தாயிக்கு ஏறும்போதும் பூஜ்யத்த தொடாம இருக்கணும். சிவப்பு வரைக்கும் ஏத்துனாதான் குரல் கணீர்னு வரும்ங்கறது கேசட் காலத்து பழக்கம், அப்ப டேப்போட இரைச்சல் மேல வராம இருக்க அது தேவைப்பட்டுச்சு, 24 பிட் ரெக்கார்டிங்ல அந்த பிரச்சனை கிடையாது, ஆனா பூஜ்யத்த தாண்டுன குரல் கிழிஞ்சா கிழிஞ்சதுதான், சத்தத்தோட ஏத்த எறக்கத்த சமப்படுத்தற எந்த கம்ப்ரஸராலயும் அத தைக்க முடியாது. பாடி முடிச்சதும் முன்னாடி பின்னாடி இருக்கற சத்தத்த வெட்டி, மூணு ட்ராக் வால்யூமயும் காதுக்கு எதமா வச்சு, ஃபைல் மெனுவுல ரெண்டர் குடுங்க. ஒரு பாட்டு ஃபைலா கைக்கு வந்துரும். அப்புறம் வேணா குரல்ல 80 ஹெர்ட்ஸுக்கு கீழ உள்ளத வெட்டற லோ கட் கத்துக்குங்க, மேஜை தட்டறது, ரோட்ல லாரி போறது மாதிரி உறுமல் எல்லாம் கொறையும். கம்ப்ரஸர் பத்தி அடுத்த பொங்கலுக்கு பேசிக்கலாம்.

பாடும்போது ஹெட்ஃபோன்ல என் குரலே லேட்டா திரும்பி வருது. தாளமே தப்புது. வேற சாஃப்ட்வேருக்கு மாறணுமா? – வாசகர், கோயம்புத்தூர்

மாற வேண்டாம், எங்க போனாலும் இது கூடவே வரும். கம்ப்யூட்டர் உங்க குரல கொஞ்சம் கொஞ்சமா சேத்து வச்சு மொத்தமா தான் வேலை பாக்கும், அந்த மூட்டையோட அளவுதான் பஃபர். ஒரு மூட்டைக்கு 1024 நம்பர்னு வச்சிருந்தா 44.1 கிலோஹெர்ட்ஸ்ல ஒரு பக்கத்துக்கே 23 மில்லிசெகண்ட், உள்ள வரும்போது ஒரு தடவை வெளிய போகும்போது ஒரு தடவைன்னு ரெட்டிப்பாகும், கம்ப்யூட்டரையும் இன்டர்ஃபேஸையும் பேச வைக்கற ட்ரைவர் ப்ரோக்ராம் தன் பங்குக்கு கொஞ்சம் சேத்துக்கும். 128க்கு கொறச்சா ஒரு பக்கத்துக்கு 3 மில்லிசெகண்ட் கூட இல்ல, நாலு அடி தள்ளி நிக்கறவர் பேசறது காதுக்கு வர அதுக்கு மேல ஆகும்.

ஆனா அதுக்கு முன்னாடி ஆடியோ செட்டிங்ஸ்ல ட்ரைவர் என்னன்னு பாருங்க. விண்டோஸோட சாதா ட்ரைவர்ல இருந்தா பஃபர எவ்வளவு கொறச்சாலும் பலன் கம்மி, இந்த தாமதத்த கொறைக்கறதுக்குன்னே இன்டர்ஃபேஸ் கம்பெனி குடுக்கற ஏஎஸ்ஐஓ ட்ரைவர போடுங்க. இன்டர்ஃபேஸே இல்லாம லேப்டாப் சவுண்ட் கார்ட்லயே பண்றவங்க ஏஎஸ்ஐஓ ஃபார் ஆல்னு ஒண்ணு இலவசமா கிடைக்கும், அத முயற்சி பண்ணலாம். இதவிட சுலபமான வழி இன்டர்ஃபேஸ்லயே டைரக்ட் மானிட்டர்னு ஒரு பட்டனோ திருகோ இருக்கும், அத போட்டா குரல் கம்ப்யூட்டருக்கே போகாம நேரா ஹெட்ஃபோனுக்கு வந்துரும். அப்ப சாஃப்ட்வேர்ல குரல ஹெட்ஃபோனுக்கு திருப்பி விடற அந்த ட்ராக்கோட மானிட்டரிங்க ஆஃப் பண்ணிருங்க, இல்லன்னா ரெண்டு ஆள் பாடற மாதிரி கேக்கும். ரெக்கார்டிங் முடிஞ்சு மிக்ஸிங்குக்கு உக்காரும்போது பஃபர திரும்ப 1024க்கு ஏத்திருங்க, கம்மியா இருந்தா ப்ளகின் போடப்போட படபடன்னு வெடிக்கும். ப்ளூடூத் ஹெட்ஃபோன்ல இந்த வித்தை எதுவும் பலிக்காது, வயர் தான்.

நான் கரோக்கி ட்ராக் போட்டுத்தான் பாடுறனான். இந்தமுறை ட்ராக் வேகமா ஓடுது, சுருதியும் ஏறின மாதிரிக் கிடக்கு. அதே ஃபைலை ஃபோனில கேட்டா சரியாத்தான் இருக்கு. ஏன் இப்பிடி? – வாசகர், யாழ்ப்பாணம்

ட்ராக் 44.1 கிலோஹெர்ட்ஸ், உங்க ப்ராஜெக்ட் 48. ட்ராக்க உள்ள இழுக்கும்போது மாத்தவான்னு ஒரு சின்ன பெட்டி வந்திருக்கும், நீங்க வேண்டாம்னு தட்டியிருப்பீங்க. அப்ப அந்த நம்பர் எல்லாம் வேகமா வாசிக்கப்படுது, 5 நிமிஷ பாட்டு 4 நிமிஷம் 36 செகண்ட்ல முடிஞ்சிரும், 5 கட்டைல இருந்தது 5½யும் தாண்டி 6ஐ நெருங்கி நிக்கும். அந்த சுருதிக்கு ஏறிப் பாடி தொண்டை கட்டியிருந்தா அதுக்கு நீங்க காரணம் இல்ல. ட்ராக்க அழிச்சுட்டு திரும்ப இம்போர்ட் பண்ணி இந்த தடவை சரின்னு குடுங்க. இனிமே ப்ராஜெக்ட் ஆரம்பிக்கும்போதே ஒரே ரேட்ட முடிவு பண்ணிக்குங்க, பாட்டு மட்டும்னா 44.1, வீடியோவோட சேக்கறதுன்னா 48. இன்டர்ஃபேஸோட கன்ட்ரோல் பேனல்லயும் அதே ரேட் இருக்கான்னு பாத்துக்குங்க, சில சமயம் ப்ரௌசர்ல ஏதாவது வீடியோ ஓடிக்கிட்டிருந்தா அது தன் இஷ்டத்துக்கு மாத்தி வச்சிருக்கும்.

ஆட்டோ ட்யூன் ப்ளகின் போட்டா என் தோடி காணாம போகுது. செட்டிங் தப்பா? – வாசகி, மதுரை

செட்டிங்க விட அந்த ப்ளகினோட பொறப்பே அப்படிம்மா. 1997ல ஆட்டோ ட்யூன கொண்டு வந்த ஆண்டி ஹில்டெப்ராண்ட், அதுக்கு முன்னாடி எண்ணெய் தேடறதுக்காக பூமிக்குள்ள விடற அதிர்வ அலசற வேலைல இருந்தவர், அந்த கணக்க தான் குரலுக்கு திருப்பினார். குரல் இப்ப எந்த சுருதில இருக்குன்னு கண்டுபுடிச்சு பக்கத்துல இருக்கற ஸ்வரத்துல கொண்டு போய் நிறுத்தும். தோடில காந்தாரம் எங்கம்மா நிக்குது, ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவுல ஊஞ்சல் ஆடறதுதானே அதோட லட்சணம். ப்ளகினுக்கு அது தெரியாது, நீங்க தடுமாறறீங்கன்னு நெனச்சு படிக்கட்டு மாதிரி வெட்டி வெட்டி வச்சுரும்.

குரல ஸ்வரத்துக்கு எவ்வளவு வேகமா இழுக்கணும்ங்கற ரீட்யூன் ஸ்பீட மெதுவாக்குனா கொஞ்சம் சேதாரம் கொறையும், ஆனா என்னைக் கேட்டா கமகம் உள்ள எடத்துல ஆட்டோமேட்டிக் ப்ளகின் எதுவும் போடாதீங்க. பஞ்சமம், ஷட்ஜம்னு நீளமா நிறுத்தற எடத்துல லேசா இறங்கியிருந்தா அந்த துண்ட மட்டும் தனியா வெட்டி கையால சரி பண்ணுங்க. மெலடைன் மாதிரி ப்ளகின்ல ஸ்வரத்தோட நடு எடத்த நகத்தறது தனி, அசைவ கொறைக்கறது தனி, அதனால அசைவுல கை வைக்காம தூக்கி வைக்க முடியும். இவ்வளவு மெனக்கெடறதுக்கு அந்த ஒரு வரிய திரும்ப பாடி பஞ்ச் இன் பண்றது, அதாவது அந்த எடத்துல மட்டும் புதுசா ரெக்கார்ட் பண்றது, பல சமயம் சீக்கிரம் முடியும், அதே நாள்ல, மைக்க நகத்தாம பண்ணணும், மறுநாள்னா குரலோட கலர் மாறி ஒட்டுன எடம் தெரியும்.

கானா பாடுவேன், பீட்டும் நானே போடணும். எஃப்எல் ஸ்டூடியோ தான் கெத்துன்னு பசங்க சொல்றாங்க. க்ராக் கிடைக்குது, போட்டுக்கலாமாண்ணா? – வாசகர், வியாசர்பாடி

தம்பி, பீட் போடறதுக்கு எஃப்எல் நல்ல சாய்ஸ், பசங்க சொன்னது சரி. பெல்ஜியம் கம்பெனி, 1997ல ஃப்ரூட்டிலூப்ஸ்னு வந்தப்பலேர்ந்தே அந்த கட்டம் கட்டமா தட்டற ஸ்டெப் சீக்வென்ஸர் தான் அதோட உயிர். ஆனா தெறந்த உடனே 4/4க்கு 16 கட்டம் காட்டும், நம்ம குத்து நெறைய 6/8 நடைல தான போகுது, அத 16 கட்டத்துல திணிச்சா அந்த ஆட்டமே வராது, ப்ராஜெக்ட் செட்டிங்ஸ்ல டைம் சிக்னேச்சர மாத்திட்டு அப்புறம் தட்டு. டோலக், சட்டி சாம்பிள் எதுவும் அதுல ஒழுங்கா இருக்காது, வாசிக்கற ஃப்ரெண்ட புடிச்சு ஒவ்வொரு அடியையும் தனித்தனியா ஃபோன்லயாவது ரெக்கார்ட் பண்ணி உள்ள போடு, உன் ஏரியா சத்தம் வேற எவன்கிட்டயும் இருக்காது.

க்ராக் வேண்டாம். நியாயம் பேசி உன்ன போரடிக்கல, வேலைக்கு ஆகாதுன்னு தான் சொல்றேன். அந்த க்ராக் ஃபைல ஓட்டறதுக்கே ஆன்டிவைரஸ ஆஃப் பண்ணச் சொல்வான், அதோட உள்ள என்னென்ன வருதுன்னு யாருக்கும் தெரியாது, அதே லேப்டாப்ல தான் உன் கூகுள் பேயும் யூடியூப் சேனலும் இருக்கு. எஃப்எல்லோட ட்ரயல் வெர்ஷன்ல எல்லாமே வேலை செய்யும், சேவ் பண்ணலாம், பாட்டா எக்ஸ்போர்ட்டும் பண்ணலாம், ஆனா சேவ் பண்ண ப்ராஜெக்ட வாங்கற வரைக்கும் திரும்ப தெறக்க முடியாது. ஒரே உக்கார்ல பீட்ட முடிச்சு எக்ஸ்போர்ட் பண்ணிட்டு, அத ரீப்பர்லயோ ஆடாசிட்டிலயோ போட்டு மேல பாடிரு. காசு சேந்ததும் வாங்கு, ஒரு தடவை வாங்கிட்டா ஆயுசுக்கும் அப்டேட் இலவசம். எந்த எடிஷன்ல குரல் ரெக்கார்டிங் இருக்குன்னு மட்டும் கம்பெனி தளத்துல பாத்துட்டு பணத்த கட்டு.

கம்ப்யூட்டரே இல்ல, ஃபோன் மட்டும்தான். – வாசகி, புதுச்சேரி

பேண்ட்லேப் ஆப், இலவசம். வயர் இயர்ஃபோன், ஃபோன் ஃப்ளைட் மோட்ல. ஐஃபோன்னா கராஜ்பேண்ட்.

சுவர் பூரா முட்டை அட்டை ஒட்டுனா சவுண்ட் ப்ரூஃப் ஆகுமா? – வாசகர், ஈரோடு

ஆகாது. வெளிச் சத்தத்த நிறுத்தறது கனம், முட்டை அட்டைல கனம் எங்க இருக்கு. பக்கத்து வீட்டு மிக்ஸி வரத்தான் செய்யும், அதுக்கு மேடைல கைல புடிச்சு பாடற மாதிரியான டைனமிக் மைக்க வாய்க்கு பக்கத்துல வச்சு பாடறது ஒரு வழி, ராத்திரி பதினோரு மணிக்கு மேல ரெக்கார்ட் பண்றது இன்னொரு வழி. ரூமுக்குள்ள வர்ற எதிரொலிக்கு துணி பீரோவ தெறந்து வச்சு, அது உங்க முதுகுக்கு பின்னாடி வர்ற மாதிரி நில்லுங்க, ஏன்னா மைக் உங்க மூஞ்சியையும் அதுக்கு பின்னாடி இருக்கறதையும் தான் பாத்துக்கிட்டிருக்கு. டைல்ஸ் தரைன்னா ஜமுக்காளம் விரிங்க. ஃபேன மறக்காம நிறுத்துங்க, லேப்டாப் சார்ஜர்ல உய்ங்குன்னு சத்தம் வந்தா பாடற நேரம் மட்டும் பேட்டரில ஓட்டுங்க.

கத்துக்கிட்ட சாஃப்ட்வேர கம்பெனிக்காரன் நாளைக்கு மூடிட்டா என் பாட்டெல்லாம் என்ன ஆகும்? – வாசகர், சேலம்

நியாயமான பயம், நடந்திருக்கு. சோனார்ங்கற நல்ல சாஃப்ட்வேர தயாரிச்சுக்கிட்டிருந்த கேக்வாக்க 2017 நவம்பர்ல கிப்சன் கம்பெனி நிறுத்திருச்சு, அதுலயே வருஷக்கணக்கா வேலை பாத்தவங்க அப்படியே நின்னாங்க, 2018ல பேண்ட்லேப் கம்பெனி வாங்கி இலவசமா விட்டதால தப்பிச்சாங்க. ப்ராஜெக்ட் ஃபைல் பெரும்பாலும் அந்தந்த சாஃப்ட்வேர்ல மட்டும்தான் தெறக்கும், ஆனா வேவ் ஃபைல் எதுலயும் தெறக்கும். அதனால ஒரு பாட்டு முடிஞ்சதும் ஒவ்வொரு ட்ராக்கையும் தனித்தனி வேவா எக்ஸ்போர்ட் பண்ணுங்க, எல்லாமே பாட்டோட பூஜ்ய செகண்ட்லேர்ந்து ஆரம்பிக்கணும், நடுவுல வர்ற வயலினா இருந்தாலும் முன்னாடி வெத்து அமைதியோட சேத்து. ஃபைல் பேர்ல ராகம், கட்டை, டெம்போ மூணையும் எழுதிருங்க. லேப்டாப்ல ஒண்ணு, வெளி ஹார்ட் டிஸ்க்ல ஒண்ணு.